பரங்கிப்பேட்டையா, மண்டபமா?

கடல் சூழலியலை ஆய்வுத் துறையாகக் கொள்ள நினைக்கும் மாணவர், அடிப்படையை எங்கே கற்பது என்ற கேள்விக்கு நான் தயங்காமல் பரங்கிப்பேட்டை என்பேன். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றின் கழிமுகத்திலேயே இருப்பதால், வடகிழக்குப் பருவமழையில் உப்புத்தன்மை சரிவதையும் கோடையில் அது கடல்நீரளவுக்கு ஏறுவதையும் மாணவர் தம் கையாலேயே அளந்து பதியலாம். அருகிலுள்ள பிச்சாவரத்தில், வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்களுக்கிடையே முழங்கால் புதைய நின்று சேறெடுத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கும் புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணும் வேலை அலுப்பூட்டும். ஆனால் உயிரினங்களை இனங்காணும் கண் அப்படித்தான் பழகுகிறது.

இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் வேறு வகை. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் இங்கிருந்து கொச்சிக்கு மாறியபின், இங்கே அதன் மண்டல மையம் இயங்குகிறது. பவளப்பாறை, கடற்புல், மீன்வளம் ஆகியவற்றில் நாட்டமுள்ளவருக்கு மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அருகிலேயே உள்ளன. தேசியப் பூங்கா என்பதால் வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்நிறுவனத்தில் நிலையான விஞ்ஞானிப் பணிக்கோ அகில இந்தியப் போட்டித் தேர்வை வென்றாக வேண்டும்.