ஏற்காட்டு மூடுபனிக்கு எந்த போர்டு: எஃப்ஆர்-4-ஆ, ரோஜர்ஸா?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு. மாஸ்டில் (உயரக் கம்பத்தில்) நிற்கும் ஆன்டெனாவின் சர்க்யூட் போர்டை எதில் அடிப்பது? எபாக்ஸியும் கண்ணாடி இழையும் சேர்ந்த வழக்கமான எஃப்ஆர்-4-இலா, உயர் அலைவரிசைக்கென்று செராமிக் கலந்து செய்யும் ரோஜர்ஸிலா? நாங்கள் எடுத்தது ரோஜர்ஸ் ஆர்ஓ4350பி.

விலையில் எஃப்ஆர்-4-ஐ அடித்துக்கொள்ள முடியாது. ரோஜர்ஸ் பல மடங்கு. காப்பித் தோட்டத்தில் வைக்கும் 865 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த பவரில் தூரம் போகும் ரேடியோ) சென்சாருக்கு எஃப்ஆர்-4 தாராளமாகப் போதும்.

5.8 கிகாஹெர்ட்ஸில் கணக்கு மாறுகிறது. சிக்னலில் எவ்வளவு வெப்பமாக வீணாகும் என்று காட்டும் எண் டிஎஃப். எஃப்ஆர்-4-இன் டிஎஃப் சுமார் 0.02, ரோஜர்ஸுக்கு 0.0037. 4 அங்குல டிராக்கில் (போர்டின் காப்பர் தடத்தில்), காப்புப் பொருள் விழுங்குவது மட்டும் எஃப்ஆர்-4-இல் ஏறத்தாழ 2 டெசிபல். அனுப்பும் பவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே சூடாகிப் போய்விடும். ரோஜர்ஸில் அது அரை டெசிபலைத் தொடாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். சேலம் வெயிலில் டெஸ்ட் பாஸான போர்டு, 1,500 மீட்டர் உயரத்தில் பனியிலும் மழையிலும் கிடக்க வேண்டும். 24 மணி நேரம் நீரில் ஊறினால் எஃப்ஆர்-4, பிராண்டைப் பொறுத்து, எடையில் 0.1 முதல் 0.2 சதவீதம் குடிக்கும், ரோஜர்ஸ் 0.06. சின்ன எண்தான். ஆனால் இந்த அலைவரிசையில் நீரின் டிகே (மின்காப்பு மாறிலி) 70-க்கு மேல்; போர்டுக்கோ 4-ஐ ஒட்டித்தான். எபாக்ஸிக்கும் கண்ணாடி இழைக்கும் நடுவில் புகுந்த ஈரம் டிகே, டிஎஃப் இரண்டையும் ஏற்றிவிடும். பேட்ச் ஆன்டெனாவில் (போர்டிலேயே அமைந்த தட்டையான காப்பர் ஆன்டெனாவில்) டிகே 2 சதவீதம் ஏறினால் ஒத்ததிர்வு அலைவரிசை 1 சதவீதம், அதாவது 58 மெகாஹெர்ட்ஸ், கீழே இறங்கும். மெல்லிய பேட்சின் மொத்த பேண்ட்விட்தில் அது பெரும்பங்கு. போர்டின் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் படலம் (கன்ஃபார்மல் கோட்டிங்) நீராவியைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

அசெம்பிளியிலும் ஈரம் வேலையைக் காட்டும். பாக்கெட் பிரித்து மழைக்காலத்தில் கிடந்த எஃப்ஆர்-4-ஐ நேராக ரீஃப்ளோவில் (சோல்டரை உருக்கும் அடுப்பில்) விட்டால், 245 டிகிரியில் ஈரம் ஆவியாகி லேயர்கள் கொப்புளிக்கும். 105–120 டிகிரியில் 4 மணி நேரம் பேக் செய்து, அன்றைக்கே சோல்டர் செய்ய வேண்டும். காப்பரின் மேல் ஓஎஸ்பி ஃபினிஷ் (கரிமப் பூச்சு) என்றால் பேக்கிங்கில் அதுவே கெடும்; எனிக் (நிக்கல்-தங்கப் பூச்சு) நல்லது.

செலவைக் குறைக்க ஹைப்ரிட் அடுக்கு போடலாம்: மேலே 0.508 மி.மீ. ரோஜர்ஸ், கீழே எஃப்ஆர்-4. மேலடுக்கில் 50 ஓம் டிராக் சுமார் 1.1 மி.மீ. அகலம் வரும். இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் விரிவதால் போர்டு வளையும். காப்பரை இருபுறமும் சமமாகப் பரப்புங்கள். ரோஜர்ஸில் செராமிக் கலந்திருப்பதால் டிரில் பிட் சீக்கிரம் மழுங்கும், வியாவின் (அடுக்குகளை இணைக்கும் துளையின்) உட்சுவர் கரடாகும். பிட் எத்தனை துளைக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று ஃபேப்ரிகேட்டரிடம் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

மெக்ட்ரான் 6 என்ற இன்னொரு போர்டு பொருளிலும் காகிதத்தில் இழப்பு குறைவுதான். மலையில் நீண்ட நாள் வைத்துப் பார்க்காததால் அதற்கு இப்போதைக்கு ஓட்டு போடவில்லை.