பெட்டைக் குதிரைக்கு உறைவிந்து சினை ஊசி: இரண்டு பேரிடம் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது எங்கள் ஊரில் பால் கறப்பது மாதிரி அன்றாட வேலை. குதிரைக்கும் போடலாம் என்று சொன்னால்தான் நின்று கேட்கிறார்கள். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு என் பெட்டைக் குதிரை பொன்னியைக் கூட்டிப்போனபோது, அவள் மூன்று மாதச் சினை என்று தெரிந்ததும் குறைந்தது பத்துப் பேராவது என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

பொன்னி ராஜஸ்தான் ஜாதியான மார்வாரிப் பெட்டை, செவலை, ஒன்பது வயது. கோபி பக்கம் எங்கள் மஞ்சள் தோட்டத்தில் ஆறு வருடமாக இருக்கிறாள். முதல் குட்டி நேரடியாகச் சேர்த்துப் பிறந்தது. அந்தப் பொலிகுதிரை அவளை மிதித்துக் கடித்து, கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. மறுபடி சேர்க்கலாம் என்றால் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நல்ல மார்வாரிகள் பாதி அவளுக்கே ரத்த சொந்தம். ராஜஸ்தானுக்கு ஏற்றிப்போகலாம் என்றால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில். வழியில் தண்ணீர் குடிக்காமல் வயிற்றுவலி வந்தால் குதிரையே போய்விடும். அதனால்தான் அங்கிருந்து உறைவிந்தை, அதாவது உறைய வைத்த விந்தை, வரவழைக்க முடிவு செய்தேன்.

முதல் முறை செய்தது பெரிய தப்பு. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் ஒருவர், குதிரைக்கும் போடுவேன் என்றார். மாசி மாதம். பொன்னி வாலைத் தூக்கி நின்ற இரண்டாம் நாள் விந்தை உறைநிலையில் வைத்திருக்கும் நைட்ரஜன் டேங்கோடு பைக்கில் வந்தார். ஸ்கேன் கிடையாது. டேங்கிலிருந்து குப்பியை முழுதாக வெளியே தூக்கி, விந்து அடைத்த மெல்லிய குழாய்களை, நாங்கள் குச்சி என்போம், வெயிலில் வைத்தே எண்ணினார். இரண்டு குச்சியை எடுத்து, கையில் தேய்த்து உருக்கி, ஏற்றிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட இல்லை. மூன்று வாரத்தில் பொன்னி மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டாள். எந்தப் பொலிகுதிரையின் விந்து என்பதற்கு ஒரு காகிதமாவது கொடுங்கள் என்று கேட்டதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

அப்போது எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. ஏன் சினை நிற்கவில்லை என்பதை இரண்டாவதாக வந்த டாக்டரம்மாதான் உட்கார வைத்துப் புரிய வைத்தார். மாட்டுக்குப் பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். முடிந்து ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அதனால் கணக்குப் போட்டு ஒரே ஒரு குச்சி போட்டாலும் நிற்கும். குதிரைக்குப் பருவம் ஐந்து, ஆறு, ஏழு நாள்கூட நீளும். முட்டை உடைவது, அதாவது வெளிவருவது, கடைசி ஒன்றிரண்டு நாளில், அதுவும் எந்த நேரத்தில் என்று வெளியே நின்று பார்த்தால் தெரியாது. நேரடியாகச் சேர்ந்தால் விந்து இரண்டு நாளாவது உள்ளே உயிரோடு காத்திருக்கும். உறைய வைத்து உருக்கிய விந்து 12 மணி நேரம் தாங்கினாலே அதிகம். எனக்கு முதல்முறை போட்ட விந்து, முட்டை வருவதற்கு மூன்று நாள் முன்பே செத்திருக்கும். அந்த வேலைக்கும் காசு வாங்கினார்கள்.

டாக்டரம்மா கோவையிலிருந்து வருகிறார், குதிரைகளை மட்டுமே பார்ப்பவர். அவர் பெயரையோ நம்பரையோ இங்கே போடவில்லை, கேட்காமல் போடக்கூடாது. முதல் நாள் வந்ததும் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. கருப்பையிலிருந்து ஒரு துணுக்குத் திரவம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி இருந்தது. மருந்து கொடுத்து, ஒரு பருவத்தைச் சும்மா விடச் சொன்னார். எனக்கு அவசரம். “அண்ணா, அழுக்குப் பானையில பாலை ஊத்தி என்ன பண்றது?” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். யார் வந்து ஊசி போட்டாலும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

விந்தை அவர்தான் வரவழைத்தார். எட்டுக் குச்சி சேர்ந்தால் ஒரு டோஸ், ஒரு குச்சி அரை மில்லி. நான் இரண்டு டோஸ் வாங்கினேன். கூடவே பொலிகுதிரையின் காகிதங்கள்: பெயர், அங்க அடையாளம், கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லை, குதிரைத் தொற்று இரத்தசோகை இல்லை என்ற சான்றுகள், உறைய வைத்த தேதி. எங்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அந்தப் பொலிகுதிரையின் படத்தைப் போனில் பெரிதாக்கி, நெற்றியிலும் கழுத்திலும் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று அரை மணி நேரம் பார்த்தார். சுழி சுத்தம் என்று அவர் தலையாட்டிய பிறகுதான் நான் பணம் அனுப்பினேன். காதுகள் நுனி தொட்டு நிற்கும் நல்ல கறுப்புக் குதிரை.

சித்திரையில் பொன்னி பருவத்துக்கு வந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன். முட்டை வளரும் நீர்க்கொப்புளம் திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும். கருப்பை நன்றாக வீங்கியிருந்தால், சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டினால் சுளை தெரியுமே, அப்படியே இருக்கும். கொப்புளம் 37 மில்லிமீட்டர் ஆன வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கொப்புளத்தை உடைக்கும் ஹார்மோன் ஊசி போட்டார். ஏறத்தாழ 36 மணி நேரத்தில் உடையும், வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். வெள்ளி மதியமே வந்து, அன்று இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். கூட ஒரு உதவியாளர்.

அந்த இரவை நான் மறக்க மாட்டேன். மதியம் ஒரு ஸ்கேன், ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. எட்டு மணிக்குக் கொப்புளம் வட்டம் கலைந்து, சப்பிப்போன மாதிரி இருந்தது. “அம்மிணி, இன்னும் உடையலீங்களா?” என்று பெரியவர் மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா கதை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். உறைய வைத்த விந்தில் குதிரை சினையானது முதன்முதலில் கனடாவில், 1957-இல் வெளியான செய்தி. நம் நாட்டில் பீகானேரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மைய வளாகத்தில் 2023 மே மாதம், ஒரு மார்வாரியின் கருவை வேறொரு பெட்டைக்கு மாற்றி வைத்து ராஜ் பிரதமா என்ற பெண்குட்டி பிறந்தது. வாடகைத்தாய்க் குதிரை என்றதும் அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது. பந்தயத்துக்கு ஓடும் தரோபிரெட் ஜாதிக்கு மட்டும் இந்த ஊசியே ஆகாதாம். நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவேட்டில் ஏற்றுவார்கள்.

இரண்டு மணிக்குப் பார்த்தபோது கொப்புளம் இல்லை. இடது சினைப்பையில் அது இருந்த இடம் மங்கலாக இருந்தது. அவ்வளவுதான், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. உதவியாளர் பொன்னியின் வாலுக்குத் துணி சுற்றி, பின்பக்கத்தை மூன்று முறை கழுவித் துடைத்தார். வெந்நீர்க் குடுவையில் வெப்பமானி 37 டிகிரி காட்டும்வரை டேங்கைத் திறக்கவே இல்லை. திறந்ததும் நைட்ரஜன் வெள்ளைப் புகையாகத் தரையில் வழிந்தது. உள்ளே மைனஸ் 196 டிகிரி. குப்பியை டேங்கின் கழுத்துக்குக் கீழேயே வைத்து, நீளமான இடுக்கியால் குச்சிகளை எடுத்து நேராகத் தண்ணீரில் விட்டார். 30 வினாடி, வாட்சைப் பார்த்து. ஒவ்வொரு குச்சியையும் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வெட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் அணுக்கள் சாகும். ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பத்தில் நாலு நேராக நீந்தியது. நூற்றுக்கு முப்பதாவது நீந்தினால்தான் போடுவேன், இல்லாவிட்டால் காசு போனாலும் போடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அப்புறம் நீளமான, வளையும் குழாய். முட்டை உடைந்த இடது பக்கத்தில், கருப்பைக் கொம்பின் நுனிவரை அதைக் கையால் வழிகாட்டிக் கொண்டுபோய் விட்டார். “அண்ணா, லைட்டை இந்தப் பக்கம் பிடிங்க” என்றது மட்டும்தான் அவர் பேசியது. பொன்னி காதை ஆட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

காலையில் மறுபடி ஸ்கேன். கருப்பையில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. உறைவிந்து போட்டால் கருப்பை கொஞ்சம் புண்ணாகி நீர் விடுவது சகஜமாம். அதை வெளியேற்ற ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஊசி போட்டு, அரை மணி நேரம் நடத்தச் சொன்னார். முதலில் வந்தவர் மறுநாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது.

15-ஆம் நாள் ஸ்கேனில் கருப்பையில் ஒரே ஒரு கறுப்பு வட்டம், அதுதான் கரு. ஒன்றுதானா என்று இரண்டு கொம்பையும் முழுக்கத் தேடினார். இரட்டையாக இருந்தால் குதிரைக்கு ஆபத்து, 16-ஆம் நாளுக்குள் ஒன்றை நசுக்கிவிட வேண்டும். 28-ஆம் நாள் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி துடித்தது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

குறை சொல்லாமல் விட முடியாது. ஒரு பருவத்துக்கு 18,000 ரூபாய் என்று பேசினார், விந்தின் விலை தனி. நியாயமான கூலிதான், இரவு முழுக்க விழித்திருந்த வேலை அது. ஆனால் 28-ஆம் நாள் ஸ்கேனும் பெட்ரோலும் அதில் சேராது என்று கடைசியில்தான் சொன்னார். ஸ்கேன் படங்களையும் ரசீதையும் வாங்க நான் நான்கு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. மீதியுள்ள டோஸை அவர் டேங்கில் வைத்திருக்க மாத வாடகை உண்டு என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒரே பருவத்தில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். இவரும் தரவில்லை, பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

யாரைக் கூப்பிட்டாலும் ஸ்கேன் மெஷின் உண்டா, ராத்திரி தங்குவீர்களா என்று இரண்டை மட்டும் முதலில் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்தக் குச்சியை வாங்காதீர்கள்.

பொன்னிக்கு இப்போது பத்தாவது மாதம். கருச்சிதைவு வராமல் இருக்க ஹெர்பிஸ் தடுப்பூசி ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்களில் போட்டாயிற்று. பங்குனியில் குட்டி. பெரியவர் தன் கட்டிலை லாயத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டார். மீதி எட்டுக் குச்சி டாக்டரம்மாவின் டேங்கில் இருக்கிறது. அடுத்த வருடமும் அவரைத்தான் கூப்பிடுவேன், எதற்கு எவ்வளவு என்பதை மட்டும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வேன்.