வெட்சியா, செம்பருத்தியா?

தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வர வேண்டும், ஆனால் ஒரு செடிக்குத்தான் இடமிருக்கிறது என்போர் பெரும்பாலும் வெட்சிக்கும் செம்பருத்திக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள்.

வருகை: இட்லிப்பூ எனப்படும் வெட்சியின் தேன் நூல்போன்ற நீண்ட குழலின் அடியில் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது எளிதில் எட்டும். செம்பருத்தியைத் தேடித் தேன்சிட்டு வரும். ஆனால் அது பல வேளைகளில் பூவின் வாய்வழியே நுழையாமல், அடிப்பகுதியை அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சிவிட்டு, மகரந்தத்தைத் தொடாமலே பறந்துவிடும் (திருட்டுதான், என்றாலும் பார்க்க அழகான திருட்டு).

பூப்பு: வெட்சிக் கொத்து பல நாள் நிற்கும், செம்பருத்திப் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடும்.

பராமரிப்பு: வெட்சிக்குச் சுண்ணாம்பு மிகுந்த மண் ஆகாது, இலை மஞ்சளாகும், செம்பருத்தியை மாவுப்பூச்சி எளிதில் பற்றும்.

சிட்டைப் பார்க்க விரும்புவோர் செம்பருத்தியை வைக்கலாம்; மாவுப்பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவப் பொறுமையில்லாதவர், மருந்தடித்து, தேன் தேடி வருகிற பூச்சிகளையும் கொல்வதைவிட, வெட்சியை நடுவதே மேல்.