ஆங்கில ரைம் தேடும் தளங்கள்: ஆறு வருசப் பாவனையில் கண்டது

கொக்குவிலில் பின்னேரங்களில் ஆங்கில ரியூசன் வைக்கிறேன், தரம் 3 தொடக்கம் 6 வரையான பிள்ளைகளுக்கு. ஆங்கில தினப் போட்டி வரும்போது எங்கள் ஊர் விசயங்களை வைத்தே சின்னப் பாட்டு எழுதிக் கொடுப்பேன்: வல்வெட்டித்துறைப் பட்டம், கறுத்தக் கொழும்பான் மாம்பழம், யாழ்தேவி ரயில் என்று. அதற்காகத்தான் ரைம், அதாவது ஒலி ஒத்து முடிகிற சொற்கள், தேடும் தளங்களுக்குள் போனேன், ஆறு வருசமாகியும் விடவில்லை.

அதிகம் பாவிப்பது ரைம்சோன். 1996 முதல் இயங்கும் தளம். சொல்லை அடித்தால் ஒத்த சொற்களை சிலபிள் (அசை) எண்ணிக்கைப்படி பிரித்துக் காட்டும், எனக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் சின்னப் பிள்ளைக்கு ஒரு சிலபிள், இரண்டு சிலபிளுக்கு மேல் வேண்டியதில்லை. கைட் என்று அடித்தால் பிரைட், டைட், ஹைட், சைட், நைட் என்று கொட்டும், பட்டப் பாட்டுக்கு வேறென்ன வேண்டும்! மேங்கோவுக்கு வருவதோ டாங்கோ, ஃபண்டாங்கோ. இரண்டும் நடனத்தின் பெயர், எங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது மேங்கோவை வரியின் நடுவில் வைத்து, வரியை ட்ரீயில் முடிக்கிறேன். ட்ரீக்கு சீ, பீ, த்ரீ, ஃப்ரீ என்று அள்ள அள்ள வரும்.

எனக்கு உண்மையில் வேலை வைத்தது உச்சரிப்பு. இப்படியான கருவிகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி, 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள், எல்லாம் வட அமெரிக்க உச்சரிப்பு. பாத் (குளிப்பு) என்பதை அவர்கள் பேத் என்பதால் அதற்கு மேத் வரும். கிளார்க் என்பதை அவர்கள் க்ளர்க் என்பதால் அது வேர்க் (வேலை) என்பதோடு போய் நிற்கும், பார்க்கோடு வராது. சரி, பிரிட்டிஷ் உச்சரிப்பைப் பார்த்தால் தீருமா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஹோர்ஸும் சோஸும் ரைம், அவர்கள் அந்த ர-வைச் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகளோ ர-வை அழுத்திச் சொல்வார்கள், அந்த இரண்டும் யாழ்ப்பாணத்து வாயில் சேராது. ஆகவே தளம் தருகிற பட்டியலை அப்படியே எடுப்பதை விட்டுவிட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளையைக் கொண்டு சத்தமாகச் சொல்ல வைத்து, காதுக்கு ஒத்தால்தான் கொப்பியில் ஏறும்.

ஒருமுறை பட்டப் பாட்டிலேயே நான் தவறினேன். வின்ட் (காற்று) என்ற சொல்லுக்குத் தேடினேன், கைன்ட், ஃபைன்ட், மைன்ட் எல்லாம் வந்தன. அவசரத்தில் கைன்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். நூல் சுற்றுவதற்கான வைன்டும் அதே எழுத்துத்தானே, தேடல் இரண்டு உச்சரிப்பையும் எடுத்துத் தருகிறது. ஒரு சின்னவள் எழும்பி, "ரீச்சர், காத்து எண்டால் வின்ட் தானே, இது சேரேல்லையே" என்றாள். பழைய ஆங்கிலக் கவிதைகளில் காற்றை வைன்ட் என்று வைத்து ரைம் சேர்த்ததும் உண்டு, ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சமாதானம் தேவையில்லை, வரியையே மாற்றினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எந்தத் தளமும் இதைச் சொல்லித் தராது. பிள்ளைகள் சிங்கிங், ஜம்பிங் இரண்டையும் ரைம் என்று எழுதி வருவார்கள். தமிழ்க் காதுக்கு அது நியாயமே, வந்தான், சென்றான் என்று கடைசி ஒத்தாலே எங்களுக்கு இயைபு. ஆங்கிலத்தில் அழுத்தம் விழுகிற உயிரொலியிலிருந்து கடைசி வரை ஒத்து வர வேண்டும், சிங்கிங்குக்கு பிரிங்கிங்தான் ஜோடி. க்ரோ (காகம்) என்பதற்கு ஜோடி கேட்டால் கௌ (பசு) என்பார்கள், முதல் ஒலி ஒன்று, கடைசி இரண்டு எழுத்தும் ஒன்று. மோனையென்றால் நானே சரி போடுவேன். இதை இயைபு, மோனை என்று தமிழிலேயே விளக்கத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்குப் பிடிபட்டது.

2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் தளங்களை நம்ப முடியவில்லை. ஒரு போன் ஆப்பில் சேர்த்து வைத்த பட்டியல் முழுக்க அழிந்தும் போனது, மூன்று மாத உழைப்பு, இப்போதும் மனம் ஆறவில்லை. அப்போதுதான் கார்னகி மெலன் அகராதியையே இறக்கினேன். இலவசம், சில மெகாபைட் எழுத்துக் கோப்பு, இணையம் இல்லாமலே தேடலாம். கைட்டுக்கு நேரே "கே ஏவை1 டி" (K AY1 T) என்று ஒலிக்குறி இருக்கும், அந்த 1தான் அழுத்தம். "ஏவை1 டி" என்று முடிகிற வரிகளைத் தேடினால் ஒத்த சொற்கள் எல்லாம் கைக்கு வரும். மெனக்கெட வேண்டும்தான், ஆனால் அழுத்தம் என்றால் என்ன என்பது எனக்கே வடிவாக விளங்கியது இதற்குப் பிறகுதான்.

ராப் எழுதுகிற என் தம்பி முறையான ஒருவனுக்கு கிட்டத்தட்ட ஒத்த சொற்களின் பட்டியல்தான் உயிர், எனக்கு அது அவ்வளவு உதவவில்லை.

இப்போது ரைம்சோனில் தேடி, கொப்பியில் எழுதி, வகுப்பில் சொல்ல வைத்துப் பார்க்கிறேன். கைட் பக்கத்தில் மட்டும் 23 சொற்கள் சேர்ந்திருக்கின்றன, ஹைட் என்பதை எழுத்தைப் பார்த்து ஹெய்ட் என்று வாசித்த பிள்ளைகள் இந்தத் தைப்பொங்கலுக்குச் சரியாகவே சொன்னார்கள்.