நார் களிமண்ணு: ஏரித்தண்ணில நேரா உண்டாச்சா, பழைய களிமண்ணு உருமாறுச்சா?

பழைய ஏரிப் படிவுல கெடைக்கற நார் களிமண்ணு ரெண்டு, செபியோலைட், பேலிகோர்ஸ்கைட். மத்த களிமண்ண எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பாத்தா தகடு தகடா இருக்கும், இதுங்க நூல் நூலா பின்னிக்கிட்டு கெடக்கும். இது எப்படி வந்துச்சுங்கறதுல ரெண்டு கட்சி. தண்ணில கரைஞ்சிருந்த மெக்னீசியமும் சிலிக்காவும் நேரா சேந்து படிகமாச்சுங்கறது ஒண்ணு, அடில ஏற்கனவே கெடந்த ஸ்மெக்டைட் களிமண்ணு நாரா மாறுச்சுங்கறது இன்னொண்ணு. காத்துலயும் வெள்ளத்துலயும் அடிச்சுட்டு வந்ததுன்னும் சொல்வாங்க, சில எடத்துல நெசந்தான், ஆனா சுத்தமா, கனமா ஒரே அடுக்கா கெடக்கறதுக்கு அது பத்தாது, விட்டுடலாம்.

தர்மபுரில ஜியாலஜி செமினாருக்கு இதுல ஒரு கட்சிய எடுத்துப் பேச வேண்டி வந்துச்சு, நான் எடுத்தது முதல் கட்சி. இப்பவும் அதே பக்கந்தாங்க.

நம்ம ஊரு போர் தண்ணிய காய வெச்சா அண்டால வெள்ளையா பொறை பிடிக்குதுல்ல, அதுல முக்கால்வாசி கால்சியம் கார்பனேட்டு தான். மூடின ஏரி வெயில்ல வத்தும்போதும் அதே கதை தான், மொதல்ல கால்சியம் கால்சைட்டா கீழ எறங்கிடும், மிச்ச தண்ணில மெக்னீசியத்தோட பங்கு ஏறிக்கிட்டே போகும், அப்புறம் டோலமைட் (கால்சியமும் மெக்னீசியமும் சேந்த கார்பனேட்டு) எறங்கும், சிலிக்காவும் நெறைய இருந்து பிஎச் 8லருந்து 9.5 வாக்குல நின்னு, அலுமினியம் கொண்டாற சேத்துத் தண்ணி பெருசா உள்ள வராம இருந்தா செபியோலைட் படியும். ஸ்பெயின்ல மாட்ரிட் பக்கம் விகால்வரோல கெடக்கறது தான் உலகத்துலயே பெரிய செபியோலைட் படிவு, மயோசீன் காலத்துது, அதாவது சுமார் 2.3 கோடிலருந்து 50 லட்சம் வருஷத்துக்கு முந்தின காலம். அந்தப் படுகைல டோலமைட்டும் சிக்கிமுக்கிக் கல்லும் கூடவே வருது. கென்யா அம்போசெலி ஏரிப் படுகைலயும் செபியோலைட் இருக்கு. 1968ல வோலாஸ்ட், மெக்கன்சி, பிரிக்கர்னு மூணு பேரு கடல் தண்ணில சிலிக்கா சேத்து, சூடு எதுவும் ஏத்தாம செபியோலைட் மாதிரியான வீழ்படிவ எடுத்தே காட்டிட்டாங்க. படிக ஒழுங்கு சுமார் தான், ஆனா சாதாரண வெப்பத்துலயே தண்ணிலருந்து நேரா எறங்கும்னு தெரிஞ்சு போச்சு.

ரெண்டாவது கட்சிக்கு பலமே போட்டோ தான். ஸ்மெக்டைட் தகட்டு ஓரத்துலருந்து நாரு கெளம்புற மாதிரி படங்க நெறைய இருக்கு, பாத்தா நம்பத் தோணும்.

என்னைய முடிவு பண்ண வெச்சது அலுமினியக் கணக்கு. செபியோலைட்ல அலுமினியம் கெடையாதுன்னே சொல்லலாம், மெக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜன், தண்ணி அவ்ளோதான். வழக்கமா கரிசல் மண்ணுல இருக்கற ஸ்மெக்டைட்ல அலுமினியம் தாராளமா இருக்கு. அது செபியோலைட்டா மாறுச்சுன்னா அவ்ளோ அலுமினியமும் எங்க போச்சு? அது உப்பு மாதிரி லேசுல கரைஞ்சு ஓடற சாமான் இல்ல, போயிருந்தா பக்கத்துலயே வேற கனிமமா ஒக்காந்திருக்கணும், சுத்தமான செபியோலைட் அடுக்குல அப்படி ஒண்ணும் தெரியறதில்ல. ஸ்டீவென்சைட் மாதிரி அலுமினியம் இல்லாத மெக்னீசியம் ஸ்மெக்டைட்டும் உண்டேன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி தான், மாட்ரிட் படுகைலயே அது இருக்கு. ஆனா அங்கயும் தகடு அப்படியே நாரா முறுக்கிக்க முடியாது. ஸ்மெக்டைட்ல நடு அடுக்கு தொடர்ச்சியா போகும், நார் களிமண்ணுல கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா சிலிக்கா நான்முகிங்க (ஒரு சிலிக்கான சுத்தி நாலு ஆக்சிஜன் நிக்கற கட்டு) தலகீழா திரும்பறதால அந்த அடுக்கு பட்டை பட்டையா அறுந்து, நடுவுல நீளமா சுரங்கம் விட்டுடும். ஒண்ணக் கலைச்சு கரைச்சா தான் இன்னொண்ணக் கட்ட முடியும், அப்ப அதுவும் தண்ணி வழியா வந்ததுன்னு தான ஆகுது.

பேலிகோர்ஸ்கைட்டுக்கு இதையே அடிச்சு சொல்ல மாட்டேன். அதுல அலுமினியம் இருக்கு, அத பழைய ஸ்மெக்டைட்டு கரைஞ்சு குடுத்திருக்கலாம், அங்க ரெண்டாவது கட்சிக்கு எடம் இருக்குங்க. நான் பாத்ததெல்லாம் படம் தான், கையில வெச்சுப் பாத்த சாம்பிள் இல்ல.

நம்ம பக்கம் தேடறவங்க ஏரி மண்ண நோண்ட வேணாம், இதெல்லாம் நைஸ் (gneiss) பாறை மேல கரை கட்டின ஏரிங்க, மழைக்கு நெறஞ்சு கலங்கல்ல வழிஞ்சுடும், அப்படி வத்தி வத்தி உப்பேறின ஏரி இல்ல. சுக்கான் கல்ல பாக்கலாம், மழை கம்மியான ஊருங்கள்ல அந்த மாதிரி சுண்ணாம்புப் படிவுல பேலிகோர்ஸ்கைட் வர்றது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம். படிக அடுக்கோட இடைவெளிய அளக்கற எக்ஸ்ரே சோதனைல 10.5 ஆங்ஸ்ட்ராம் (மீட்டர்ல ஆயிரம் கோடில ஒரு பங்கு) கிட்ட பீக் வந்தா பேலிகோர்ஸ்கைட், 12.1 கிட்ட வந்தா செபியோலைட். ஒண்ணே ஒண்ணு, சுண்ணாம்ப எடுக்கறேன்னு ஸ்ட்ராங்கான ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ட ஊத்திடாதீங்க, மெக்னீசியம் கரைஞ்சு செபியோலைட்டே காலியாயிடும், நல்லா தண்ணி கலந்த அசிட்டிக் ஆசிட்ல பொறுமையா ஊற வெச்சாலே சுண்ணாம்பு போயிடும்.