ஹொக்கைடோவில் சைக்கிள் பயணம் முடித்துத் திரும்ப: கப்பலா, ரயிலா?

கூடாரம், அடுப்பு, தூங்கும் பை எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவைச் சுற்றியாயிற்று. டோக்கியோ பக்கம் திரும்ப இரண்டு வழிகள் உண்டு.

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில்தான் வேகம். ஹொக்கைடோவின் தெற்கிலுள்ள ஷின்-ஹகோடாதே-ஹொகுடோ நிலையத்தில் ஏறினால் டோக்கியோவுக்குச் சுமார் 4 மணி நேரம். ஆனால் சக்கரங்களைக் கழற்றி, சைக்கிள் முழுவதையும் பைக்குள் போட வேண்டும். சீட்டோ ஹேண்டில்பாரோ வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று பக்கங்களின் கூட்டு 250 செ.மீ.க்குள், எடை 30 கிலோவுக்குள் இருந்தால் தனிக் கட்டணம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்: ஒருவருக்கு இரண்டு பெரிய உருப்படிகள்தான். சைக்கிள் ஒன்று என்றால், பக்கவாட்டுப் பைகளையும் கூடாரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டியாக வேண்டும். மட்கார்டும் கேரியரும் உள்ள வண்டியை நடைமேடையில் பிரித்துப் பாருங்கள், புரியும்.

ஹொக்கைடோவின் தொமகொமாய் துறைமுகத்திலிருந்து, டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள ஒஅராய் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பலில் இந்தப் பாடே இல்லை. வண்டிகள் ஏறும் தளத்துக்கு மூட்டை முடிச்சுகளோடு அப்படியே உருட்டிப் போகலாம். ஊழியர் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஏறத்தாழ 18, 19 மணி நேரம் கடலில். கப்பலிலேயே பெரிய வெந்நீர்க் குளியலறை இருக்கிறது. கூடாரத்தில் கிடந்த உடம்புக்கு வேறென்ன வேண்டும்? இறங்கியபின் டோக்கியோ இன்னும் 100 கி.மீ.க்கு மேல். கால் வலித்தால் அந்தத் தூரத்துக்கு மட்டும் ரயில், அதாவது மறுபடியும் பை.

கியோட்டோ போகிறவர்களுக்கு, ஹொக்கைடோவின் ஒதாருவிலிருந்து கியோட்டோவுக்கு வடக்கே உள்ள மைசுரு துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் இன்னும் பொருத்தம்.

மறுநாளே வேலைக்குப் போக வேண்டியவர் ரயிலில் போகட்டும். நான் கப்பல் கட்சி.