சீரீஸ் லேண்ட் ரோவருக்கு ஜிம்னி சேசி: வாங்கலாமா?

பழைய குட்டை வகை சீரீஸ் லேண்ட் ரோவரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 88 அங்குலம், அதாவது 2,235 மில்லிமீட்டர். 1998 முதல் 2018 வரை வந்த சுசுகி ஜிம்னியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,250. இரண்டுக்கும் 15 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பழைய லேண்ட் ரோவர் உடலை, ஜிம்னியின் சேசியை (அடிச்சட்டத்தை) வெட்டாமல், நீட்டாமல், வீட்டுக் கொட்டகையிலேயே புதிய அடிச்சட்டத்தில் ஏற்ற முடிவது இதனால்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் துரைமார் ஓட்டிய சீரீஸ் வண்டிகள் இன்னும் சில செம்பனைத் தோட்டக் கொட்டகைகளில் நிற்கின்றன. உடல் அலுமினியக் கலவை, அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடும். கீழே இருக்கும் பெட்டி வடிவ இரும்புச் சேசிதான் உள்ளிருந்து அரித்துப் போகும். உரம் ஏற்றிய வண்டியானால் இன்னும் மோசம். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது இரும்பை மட்டுமல்ல, சரக்கு ஏற்றும் பின் தொட்டியின் அலுமினியத்தையும் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும். வேலையைத் தொடங்கும் முன் தொட்டியின் தரையைச் சுரண்டிப் பாருங்கள். விரலால் அழுத்தினால் ஓட்டை விழுகிறது என்றால் முதலில் உடலுக்குத்தான் செலவு.

ஜிம்னி சேசியை ஒரு பொருளாக எடுத்துப் பார்த்தால், ஏணி வடிவச் சட்டம், இரண்டு பக்கமும் கெட்டி ஆக்சில், சுருள் ஸ்பிரிங், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். 1,328 சிசி எம்13ஏ எஞ்சின் நேர்வாக்கில் உட்காருகிறது. லேண்ட் ரோவரின் 2,286 சிசி பெட்ரோல் எஞ்சினைவிடச் சிறியதுதான், ஆனால் வண்டியும் இலேசாகிவிடுகிறது. இலை ஸ்பிரிங்கில் குதித்துக் குதித்துப் போன வண்டி தோட்டத்து மண் பாதையில் அமைதியாக ஓடும். உதிரிப் பாகம் ஈப்போவிலேயே கிடைக்கும் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை.

எதை வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹாஃப் கட் (பாதியாக அறுத்த பழைய வண்டி) விற்கும் கடைக்குப் போனால் எஞ்சினோடு முன்பாதி மலிவாகக் கிடைக்கும். இந்த வேலைக்கு அது பயன்படாது. பெயரே சொல்வதுபோல் வண்டி நடுவில் அறுக்கப்பட்டிருக்கும், சேசியும் சேர்ந்தே அறுந்திருக்கும். அதை ஒட்டி ஓட்டுவது ஆபத்து. முழுச் சேசி வேண்டும். அதுவும் உள்ளூரில் பதிவான, கெரான் (வண்டிப் பதிவுப் பத்திரம்) உள்ள வண்டியிலிருந்து வேண்டும். சேசி எண்ணும் எஞ்சின் எண்ணும் கெரானில் உள்ளபடியே இருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். சேசி மாறினால் வண்டியின் அடையாளமே மாறுகிறது. ஆகவே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் எழுத்துமூலம் அனுமதி கேட்ட பிறகுதான் முதல் போல்ட்டைக் கழற்ற வேண்டும். சேசி எண் உள்ள பகுதியை வெட்டி எடுத்து இன்னொன்றில் ஒட்டுவது குற்றம். அப்படிச் செய்து தருகிறேன் என்று சொல்லும் பட்டறையை விட்டு உடனே வெளியே வாருங்கள்.

சேசியோடு கேட்டு வாங்க வேண்டியவை: கம்ப்யூட்டர், சாவி, சாவித் துளையைச் சுற்றியுள்ள இமொபிலைசர் வளையம் (சரியான சாவியை அடையாளம் காண்பது), அறுபடாத முழு வயரிங், மீட்டர் பலகை, பெடல்கள், பிரேக் பூஸ்டர், ஸ்டீயரிங் தண்டு, ஹேண்ட்பிரேக் நெம்புகோல், உள்ளே பம்ப் உள்ள பெட்ரோல் டாங்கி, உடல் சேசியில் உட்காரும் எட்டு மவுண்டிங் இடங்களின் போல்ட்டும் வாஷரும். எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். சாவி ஒரு வண்டியிலும் கம்ப்யூட்டர் வேறொன்றிலும் வந்தால் எஞ்சின் பற்றாது. வயரைக் கத்தியால் அறுத்துத் தரும் கடைக்காரரிடம் விலை குறைவாகத்தான் இருக்கும். அந்த மிச்சம் வயரிங்காரருக்குக் கூலியாகப் போய்விடும்.

சேசியில் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் ஆக்சிலைப் பிடிக்கும் கைகளின் அடிப்பகுதி, பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பின்கோடி. சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே துரு. பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பெரும்பாலும் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் தேய்ந்திருக்கும். இந்த ஜிம்னிகளில் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் உதறுவதற்கு அதுதான் முதல் காரணம். டை ராட் முனைகளும் சக்கர பேலன்சும் அடுத்தவை. சேசி வெறுமையாக இருக்கும்போதே பேரிங்கை மாற்றிவிடுவது சுலபம். முன் சக்கர ஹப்பைப் பூட்டும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) குழாய்களையும் அப்போதே பாருங்கள். வெடித்த குழாயால்தான் பல ஜிம்னிகளில் நான்கு சக்கர இயக்கம் பிடிப்பதில்லை.

இனி உண்மையான சிக்கல். ஜிம்னியின் உடல் ஒரே துண்டு, எட்டு ரப்பர்மேல் மிதக்கிறது. சீரீஸ் லேண்ட் ரோவரின் உடல் துண்டு துண்டானது. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் இரும்புச் சுவர், அதாவது பல்க்ஹெட், தனியாகச் சேசியில் முடுக்கப்படுகிறது. பின் தொட்டி தனி. ரேடியேட்டர் பலகை தனி. இவற்றை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துவது சேசிதான், நடுவே ரப்பரே கிடையாது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் ஜிம்னி ரப்பர்மேல் நேரடியாக வைத்தால் பல்க்ஹெட் ஒரு பக்கமும் தொட்டி மறு பக்கமும் அசையும். கதவு இறுகும், கண்ணாடிச் சட்டம் விரியும், சில மாதங்களில் அலுமினியம் போல்ட் துளையிலிருந்து கிழியும். ரப்பரை எடுத்துவிட்டு இரும்போடு இரும்பாக முடுக்கினாலும் ஜிம்னிச் சட்டத்தின் முறுக்கம் முழுவதும் உடலுக்கே வரும்.

வழி ஒன்றுதான்: இடைச்சட்டம். 50×50×3 மில்லிமீட்டர் பெட்டி இரும்பில் ஒரு தட்டையான சட்டம் செய்து, அதன் எட்டுக் கால்களையும் ஜிம்னியின் மவுண்டிங் இடங்களிலேயே, நல்ல ரப்பரோடு உட்கார வையுங்கள். லேண்ட் ரோவர் துண்டுகள் எல்லாம் இந்தச் சட்டத்தில் ரப்பர் இல்லாமல் முடுக்கப்படும். ஜிம்னி சேசியில் ஒரு வெல்டிங்கூட விழாது. சோதனைக்குப் போகும்போது சேசியில் கைவைக்கவில்லை என்று காட்ட முடிவதும் இதனால்தான். உடல் சுமார் 50 மில்லிமீட்டர் உயரும், பார்வைக்கு உறுத்தாது.

வரிசை முக்கியம். சேசியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, இடைச்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, 3 மில்லிமீட்டருக்குள் சமமாகும்வரை டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடியுங்கள். பின் தொட்டியை முதலில் வைத்து, பின் சக்கரம் வளைவின் நடுவில் வருமாறு நிறுத்துங்கள். அப்போது 15 மில்லிமீட்டரும் முன் சக்கரத்துக்குப் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்து பல்க்ஹெட். அதன் இடத்தைத் தீர்மானிப்பது டேப் அல்ல, கதவு. இரண்டு கதவையும் மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக வந்த பிறகே முழு வெல்டிங். கதவு மாட்டாமல் வெல்டிங் முடித்துவிட்டுப் பிறகு கதவைத் தேய்த்துச் சரிசெய்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

7018 வெல்டிங் குச்சியைத் திறந்த பெட்டியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும், வெல்டிங்கில் துளையும் பிளவும் வரும். சேசிமேல் வைத்து வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும் கம்ப்யூட்டரையும் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே, இடைச்சட்டத்திலேயே போடுங்கள். சட்டத்தின் அடியில் 6 மில்லிமீட்டர் வடிகால் துளைகள் வேண்டும். இரும்பும் அலுமினியமும் தொடும் ஒவ்வோர் இடத்திலும் நைலான் வாஷரும் துருத்தடுப்புப் பசையும் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் வெள்ளைப் பொடி தெரியும்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். ஜிம்னி பூஸ்டரை லேண்ட் ரோவர் பல்க்ஹெட்டின் மெல்லிய தகட்டில் நேராக முடுக்கினால் பெடலை மிதிக்கும்போது தகடே வளையும், பெடல் பஞ்சுபோல் இறங்கும். 3 மில்லிமீட்டர் தகட்டை உள்பக்கம் கொடுத்து, ஒருவர் மிதிக்க, மற்றவர் சுவர் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டில் இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட் போட்டால் இரண்டின் கோணமும் சமமாகவும், அவற்றின் நுகங்கள் (கவை வடிவ முனைகள்) ஒரே வரிசையிலும் இருக்க வேண்டும். தவறினால் திருப்பும்போது ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் இலேசாகவும் இருக்கும். ஹேண்ட்பிரேக்குக்கு இடைச்சட்டத்தில் தனிப் பிடி செய்ய வேண்டும். லேண்ட் ரோவரின் ஹேண்ட்பிரேக் கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரம்மைப் பிடிப்பது, ஜிம்னியுடையது கேபிள் வழியாகப் பின் சக்கரத்தைப் பிடிப்பது.

பழைய லேண்ட் ரோவர் ரிம் ஏறாது. அதன் ஐந்து போல்ட் வட்டம் 165.1 மில்லிமீட்டர், ஜிம்னியுடையது 139.7. ஜிம்னியின் 205/70ஆர்15 டயர் அந்த வளைவுக்குள் சின்னதாகத் தெரியும். 215/75ஆர்15 போட்டால் அழகு வந்துவிடும். வேகமானி சுமார் 5 விழுக்காடு குறைத்துக் காட்டும், எஞ்சினும் அதைத் தாங்கும். அதைவிடப் பெரிய டயர் 1.3 எஞ்சினுக்குச் சுமை, கிங்பின் உதறலையும் கூட்டும்.

வீட்டில் செய்ய இது ஏற்ற வேலை என்பதற்கு ஒரு காரணம், உடல் துண்டுகளாக இருப்பது. பின் தொட்டியை நான்கு பேர் தூக்கிவிடலாம், பல்க்ஹெட்டுக்கு இரண்டு பேர் போதும். எஞ்சினைத் தூக்க மட்டும் செயின் பிளாக் வேண்டும். ஆனால் அதைக் கொட்டகையின் மரச் சட்டத்தில் தொங்கவிடாதீர்கள், இரும்பு முக்காலி வாடகைக்கு எடுங்கள். இரண்டு ஸ்பேனர் தொகுதிகளும் தேவைப்படும், லேண்ட் ரோவருக்கு அங்குல அளவு, ஜிம்னிக்கு மில்லிமீட்டர். ஒன்றை இன்னொன்றில் பலவந்தமாகப் போட்டால் மரை உருளும்.

2018க்குப் பின் வந்த புதிய ஜிம்னியின் சக்கர இடைவெளியும் 2,250தான், சட்டம் இன்னும் கெட்டி. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் அதிகம், பழைய உடலில் அவற்றைத் திருப்திப்படுத்துவது வீட்டு வேலையல்ல. பழையதே போதும். 109 அங்குல நீள வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். அதற்கு 2,769 மில்லிமீட்டர் வேண்டும், ஜிம்னியை அரை மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டிவரும். அவர்களுக்குக் கால்வனைஸ் செய்த புதிய லேண்ட் ரோவர் சேசிதான் சரி.